தூங்கும் பணம் என்று சொல்லாதீர்கள்: முதலீட்டு ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதலீட்டு ஆலோசகர்களுக்கும், அவர்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கும்:

சென்ற மாதம் உங்கள் தரப்பிலிருந்து எனக்கு இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. முதலாவது, "வங்கிக் கணக்கில் தூங்கும் பணத்தைத் தட்டி எழுப்புங்கள், அவசரத் தேவைக்கென்று ஒதுக்கியதையும் பங்குச்சந்தைக்குக் கொண்டுவாருங்கள்" என்றது. மூன்று வாரம் கழித்து வந்த இரண்டாவது, "பெரும் சரிவு நெருங்கிவிட்டது, பங்குகளை விற்றுவிட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள்" என்றது. இரண்டையும் அனுப்பியது ஒரே ஆலோசனை நிறுவனம். எழுதியவருக்கு என் வயது தெரியாது. என் வருமானத்தை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாது. எந்தப் பணம் எனக்கு என்றைக்கு வேண்டும் என்பதும் தெரியாது. ஆனாலும் இரண்டிலும் அப்படியொரு உறுதி.

படித்துவிட்டு வழக்கம்போல் அழித்துவிட இந்த முறை மனம் வரவில்லை. இதே உறுதியான குரலை நம்பி ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

2020 ஜனவரியில் உங்களில் ஒருவர், இதே நிறுவனத்தின் ஆலோசகர், முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் இருந்தது பெரிய தொகை அல்ல. பதினெட்டு ஆண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. ஏப்ரல் முதல் வாரத்தில் கட்டியாக வேண்டும். மீதி, எனக்கும் என் கணவருக்கும் முதுமைக்கு; அதைத் தொடுவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் ஒன்றாகக் கிடந்தன. அப்படி வைத்திருந்தது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆலோசகர் என் கணக்கறிக்கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இவ்வளவு பணத்தைத் தூங்க விட்டிருக்கிறீர்களே அம்மா" என்றார். அந்த வாரம்தான் டாவோஸ் மாநாட்டுக்குப் போயிருந்த ரே டாலியோ, உலகின் மிகப்பெரிய முதலீட்டு நிதிகளில் ஒன்றை நிறுவியவர், ரொக்கம் என்பது குப்பை என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். அந்தக் காணொளியையும் ஆலோசகர் கைப்பேசியில் எனக்குப் போட்டுக் காட்டினார்.

பிறகு ஒரு படிவம் வந்தது. என்னால் எவ்வளவு அபாயத்தைத் தாங்க முடியும் என்று அறிவதற்கான பன்னிரண்டு கேள்விகள். "முதலீட்டுக் காலம்" என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே "நீண்ட காலம்" என்று எழுதினார், எல்லாப் பணத்துக்கும் சேர்த்து ஒரே பதிலாக. ஏழாவது கேள்வி, "சந்தை 20 சதவீதம் சரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்பது. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு சரிவை நான் பார்த்ததே இல்லை. அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தார்: "இன்னும் வாங்குவேன்." "எல்லோரும் இதைத்தான் போடுவார்கள் அம்மா, இல்லாவிட்டால் கணினி நல்ல திட்டத்தைக் காட்டாது" என்றார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். ஏப்ரலில் கட்டணம் இருக்கிறதே என்றேன். "அதற்குள் ஐந்து சதவீதமாவது ஏறியிருக்கும், எடுத்துக் கட்டிக்கொள்ளலாம்" என்றார். கையெழுத்திட்டேன்.

அடுத்து நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைச் சொல்லும் எஸ் அண்ட் பி 500 குறியீடு பிப்ரவரி 19ஆம் தேதி 3,386 புள்ளிகளில் இருந்தது. மார்ச் 23ஆம் தேதி 2,237. ஐந்து வாரத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. உலகச் சந்தைகள் எல்லாம் கூடவே சரிந்தன. கட்டணத்துக்கான பணத்தை மார்ச் மூன்றாவது வாரத்தில், கிடைத்த விலைக்கு விற்று எடுத்தேன். அதற்கு மறுவாரம் ஆலோசகரே தொலைபேசியில் அழைத்தார். குரலில் பழைய தெம்பு இல்லை. இன்னும் சரியும் போலிருக்கிறது, மீதியையும் எடுத்துவிடுவது நல்லது என்றார். திங்கட்கிழமை எல்லாவற்றையும் விற்றேன். செவ்வாய்க்கிழமை, மார்ச் 24 அன்று, அமெரிக்காவின் இன்னொரு பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 11 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1933க்குப் பிறகு அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

"சந்தைதான் திரும்பி வந்துவிட்டதே" என்று இந்த இடத்தில் சொல்வீர்கள். வந்தது உண்மை. ஆகஸ்ட் 18ஆம் தேதி எஸ் அண்ட் பி 500 பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் சந்தை திரும்புவதும் என் பணம் திரும்புவதும் ஒன்றல்ல. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரிடம் 100 இருக்கிறது, எல்லாம் பங்குகளில். அது 66 ஆகிறது. கட்டாயச் செலவுக்கு 40 எடுக்கிறார். மீதி 26. சந்தை முழுவதுமாக மீண்டு பழைய உச்சத்துக்கு வந்தால் அந்த 26 என்னவாகும்? 39 சொச்சம். இதே ஆள் அந்த 40ஐ முதலிலேயே வங்கியில் ஒதுக்கி வைத்து, 60ஐ மட்டும் பங்குகளில் போட்டிருந்தால்? சரிவும் அதே சரிவு, மீட்சியும் அதே மீட்சி. கட்டணம் கட்டிய பிறகும் கையில் 60 இருந்திருக்கும். இடையில் உள்ள 20, சந்தை எத்தனை முறை உச்சம் தொட்டாலும் இனி ஈடாகாது. கையைக் கடித்த நேரத்தில் விற்றதற்கான தண்டம் அது. மீதியையும் பீதியில் விற்ற என் நஷ்டம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ரொக்கமா, பங்கா என்று இரண்டையும் மல்லுக்கு நிறுத்தி, ஒரு மாதம் ஒன்றுக்கும் மறுமாதம் மற்றதற்கும் கைதட்டுகிறீர்கள். அவை போட்டியாளர்கள் அல்ல. சந்தை சரியும்போது பங்குகளை விற்காமல் இருக்கும் தெம்பைத் தருவதே கையிருப்புதான். அந்தக் கையிருப்பைத் தூங்கும் பணம் என்கிறீர்கள். அது தூங்கவில்லை, மற்றப் பணத்துக்குக் காவல் இருக்கிறது. காவலாளியையும் வயலில் இறக்கி வேலை வாங்கிவிட்டு, திருட்டுப் போன பிறகு சந்தையின் இயல்பு அப்படித்தான் என்று சொல்வது என்ன நியாயம்?

இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் வங்கியில் போட்டுவிடச் சொல்கிறாள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தப் பக்கத்தின் சேதத்தையும் நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். என் சித்தி, தம் கணவரின் ஓய்வூதியப் பலன்கள் முழுவதையும் நிரந்தர வைப்பில் போட்டார். வட்டியில் சாப்பாடு, அசலைத் தொடுவதில்லை என்பது அவருடைய விரதம். இருபத்து நான்கு ஆண்டுகள் அந்த விரதம் கலையவில்லை. பாஸ்புக்கை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, புடவைகளுக்கு அடியில் வைத்திருப்பார். என்னிடம் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டி, "பார், ஒரு காசு குறையவில்லை" என்று பெருமையாகச் சொல்வார். எண் குறையவில்லைதான். பணவீக்கம் ஆண்டுக்கு 3 சதவீதம் என்றாலே 24 ஆண்டில் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு போதும். முதலில் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் தாராளமாக வந்த அதே வட்டியில், கடைசி ஆண்டுகளில் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். எங்களிடம் சொல்லவில்லை. அலமாரியைச் சுத்தம் செய்தபோது, உடைத்த பாதிகள் ஒரு சிறு டப்பாவில் கிடைத்தன.

சித்திக்கும் ஆலோசகர் இருந்தார். வைப்பைப் புதுப்பிக்க வரும்போதெல்லாம் உட்காரவைத்துப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். இதில் ஒரு பகுதி உங்களுக்கு இருபது ஆண்டுகளுக்குத் தேவைப்படாதே, அதையாவது வளர விடலாமே என்று அவரும் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அவசரத்துக்கு வேண்டிய என் பணம் பங்குகளில் இருந்தது. இருபது ஆண்டு காத்திருக்கக்கூடிய சித்தியின் பணம் வங்கியில் இருந்தது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி இருவருக்கும் ஒன்றே: இந்தப் பணம் உங்களுக்கு எப்போது வேண்டும்?

நானும் பிறகு சித்தியின் பாதையில் ஓடி ஒளிந்தேன். 2020 மார்ச்சில் விற்றதை இரண்டரை ஆண்டு வங்கியிலேயே வைத்திருந்தேன். சந்தை ஏற ஏற, இப்போது வாங்கினால் உச்சத்தில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். இறங்கியபோது, இன்னும் இறங்கட்டும் என்ற பயம். 2022 ஜூனில் அமெரிக்காவின் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது, நாற்பது ஆண்டுகளில் இல்லாத அளவு. என் கணக்கில் வட்டி என்று ஏறியதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. விற்பது எப்போது என்பது ஒரு கேள்வி. திரும்ப நுழைவது எப்போது என்பது அதைவிடக் கடினமான இன்னொரு கேள்வி. "பணமாக வைத்துக்கொண்டு காத்திருங்கள்" என்று எழுதும் நீங்கள் அந்த இரண்டாவது கேள்விக்கு இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை.

சரிவை முன்கூட்டியே சொல்ல முடியும் என்று நம்புகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 1996 டிசம்பர் 5ஆம் தேதி, அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் சந்தையின் காரணமற்ற உற்சாகம் பற்றி வெளிப்படையாகவே கவலைப்பட்டார். அவரைவிட அதிகத் தகவல் கையில் இருந்தவர் யார்? அதற்குப் பிறகும் சந்தை மூன்று ஆண்டுக்கு மேல் ஏறியது. 2000இல், மிகையாக ஏறியிருந்த பங்கு விலைகளின் குமிழி உடைந்து, 2002 அக்டோபரில் அடிமட்டத்தைத் தொட்டபோதுகூட டவ் ஜோன்ஸ், அவர் பேசிய நாளின் அளவைவிட மேலேதான் நின்றது. அவர் பேச்சைக் கேட்டு அன்று வெளியேறியவருக்கு, அவ்வளவு பெரிய சரிவிலும் பழைய விலைக்குத் திரும்ப வாங்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்து நம்பிக்கையையும் விட்டுவைக்க முடியாது. "நீண்ட காலத்தில் சந்தை எப்போதும் ஏறும்" என்று சொல்கிறீர்கள். எவ்வளவு நீண்ட காலம்? 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளில் இருந்த டவ் ஜோன்ஸ் 1932 ஜூலையில் 41க்கு விழுந்தது. பழைய உச்சத்தை எட்ட 1954 நவம்பர் ஆயிற்று. (நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையைச் சேர்த்துப் பார்த்தால் இந்தக் காலம் குறையும், அதை மறைக்க மாட்டேன்.) ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915இல் முடிந்தது. அந்த எண்ணை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டுகள். 1990இல் ஓய்வு பெற்று, எல்லாவற்றையும் ஒரே நாட்டுப் பங்குகளில் வைத்திருந்த ஒருவரிடம் நீண்ட காலம் என்ற ஆறுதலை எந்த முகத்தோடு சொல்வீர்கள்? உங்கள் விளம்பரத் தாள்களில் சராசரி வளர்ச்சி விகிதம் பெரிய எழுத்தில் இருக்கிறது. மீள எத்தனை ஆண்டு ஆகும் என்பதை நான் எந்தத் தாளிலும் பார்த்ததில்லை.

பெரிய மனிதர்களின் பெயரைச் சொல்லி எங்களை அசைப்பதையும் நிறுத்துங்கள். ரொக்கம் குப்பை என்ற அதே டாலியோ, வட்டி விகிதங்கள் ஏறிய பிறகு, 2022 அக்டோபரில் தாம் இனி அப்படி நினைக்கவில்லை என்று அறிவித்தார். நிலைமை மாறியது, கருத்தை மாற்றிக்கொண்டார். அதில் எனக்குக் குறை இல்லை. அவருடைய முதல் வாசகத்தைக் காட்டி என் பணத்தை எடுத்தவர், இரண்டாவது வாசகத்தைக் காட்ட என்னைத் தேடி வரவில்லை. அதுதான் குறை.

உங்கள் இரண்டாவது சுற்றறிக்கை புகழ்பெற்ற அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டை இழுத்திருக்கிறது. அவருடைய பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனம் 2024 முடிவில் 33,000 கோடி டாலருக்கு மேல் ரொக்கமாகவும் அரசுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனான கருவூலப் பத்திரங்களாகவும் வைத்திருந்தது, ஆகவே நீங்களும் விற்றுவிடுங்கள் என்கிறது. எண் சரிதான். ஆனால் அந்த ஆண்டுக்கான கடிதத்தில் அவரே தம் பங்குதாரர்களுக்கு, உங்கள் பணத்தின் மிகப் பெரும் பகுதி இன்னும் நிறுவனப் பங்குகளிலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அது ஒரு காப்பீட்டு நிறுவனமும்கூட, பேரழிவு வந்தால் இழப்பீடு கொடுக்க வேண்டிய கடமை அதற்கு இருக்கிறது என்பதை ஏன் சொல்லவில்லை? 2008 அக்டோபரில், எல்லோரும் பயந்து ஓடிய நேரத்தில், ரொக்கத்தைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நீண்ட காலத்துக்கு மிக மோசமான சொத்தைத் தேர்ந்திருக்கிறார்கள் என்று எழுதியவரும் அவர்தான். அவர் எழுதிய பிறகும் சந்தை ஐந்து மாதம் விழுந்தது. இன்னும் கால் பங்குக்கு மேல் போனது. கடைசியில் அவர் சொன்னது பலித்தது. அந்த ஐந்து மாதம் அவருக்கு ஒரு பொருட்டல்ல. அந்த ஐந்து மாதத்துக்குள் வேலை போய், வாடகை கட்ட வேண்டியிருந்தவருக்கு?

ரொக்கம் என்ற பெயரில் எதை விற்கிறீர்கள் என்பதும் எனக்குக் கவலை. சேமிப்புக் கணக்கு வேறு, ரொக்கம் போன்றது என்று விற்கப்படும் நிதித் திட்டம் வேறு. அமெரிக்காவில் ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற, குறுகிய காலக் கடன்களில் பணம் போடும் பணச்சந்தை நிதியில் போட்டவர்களும் அதை ரொக்கமாகத்தான் நினைத்திருந்தார்கள். 2008 செப்டம்பரில் அந்த நிதி கடன் கொடுத்திருந்த லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானதும், ஒரு டாலராகவே நிற்க வேண்டிய அதன் அலகு 97 சென்ட்டுக்கு இறங்கியது. நஷ்டம் சிறிதுதான், ஆனால் கேட்ட நேரத்தில் பணம் கைக்கு வரவில்லை. கேட்ட நேரத்தில் வராத பணத்தைக் கையிருப்பு என்று எப்படிச் சொல்வது?

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறேன்.

எங்கள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன், அதில் எந்தப் பகுதி எந்த ஆண்டு வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதைப் படிவத்தின் முதல் பக்கத்தில் எங்கள் கையாலேயே எழுத வையுங்கள். "நீண்ட காலம்" என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் ஒற்றை வரியை நீக்குங்கள். ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடச் சொல்வதானால், ஏன் என்று எழுத்தில் கொடுங்கள். ஐந்து என்பது வேதவாக்கு அல்ல. நான்கு என்றோ ஏழு என்றோ வாதாடுங்கள், ஆனால் ஒரு கோடு இருக்கட்டும். பல மாதச் செலவுக்கான கையிருப்பு இல்லாத ஒருவரிடம் எந்தத் திட்டத்தையும் விற்காதீர்கள்.

சராசரி வளர்ச்சியை அச்சிடும் அதே அளவு எழுத்தில், அந்தக் குறியீடு கண்ட மிகப்பெரிய சரிவையும் அது மீள எடுத்த காலத்தையும் அச்சிடுங்கள். வைப்புத் திட்டங்களை விற்கும் இடத்தில், பணவீக்கம் போக மிஞ்சும் வட்டி எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். என் சித்தி அதைப் படித்திருப்பார். எழுத்துக் கூட்டியாவது படித்திருப்பார்.

நான் வங்கியிலேயே பணத்தை விட்டுவைத்தால் உங்களுக்கு எவ்வளவு, உங்கள் பேச்சைக் கேட்டு இடம் மாற்றினால் எவ்வளவு, அடுத்த ஆண்டு மறுபடி இடம் மாற்றினால் எவ்வளவு கமிஷன் என்பதை நான் கையெழுத்திடும் பக்கத்திலேயே எண்ணாக எழுதுங்கள். தனி இணைப்பில் வேண்டாம்.

சுற்றறிக்கை அனுப்பினால், யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். விற்கச் சொன்னால் மீண்டும் வாங்குவதற்கான நிபந்தனையையும் கூடவே எழுதுங்கள். இதற்கு முன் நீங்கள் சொன்ன மூன்று கணிப்புகள் என்ன ஆயின என்பதை அடியில் சேருங்கள்.

ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு: நிரப்பப்பட்ட படிவங்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவற்றில் சிலவற்றைக் கையில் எடுத்து, கையெழுத்திட்டவரை நேரடியாக அழைத்து, ஏழாவது கேள்விக்குப் பதில் எழுதியது யார் என்று கேளுங்கள். அந்தக் கட்டத்தில் வாடிக்கையாளரைத் தவிர வேறு எவரும் டிக் அடிப்பதைத் தண்டனைக்குரிய விதிமீறல் ஆக்குங்கள். ரொக்கத்துக்கு நிகர் என்று விற்கப்படும் எதற்கும், பணம் கைக்கு வர அதிகபட்சம் எத்தனை நாள் ஆகலாம் என்பதைப் பெயருக்கு அடியிலேயே போட வையுங்கள்.

எனக்கு அந்த இரண்டு சுற்றறிக்கைகளையும் அனுப்பிய நிறுவனத்துக்கு ஒரு தனிக் கோரிக்கை. 2020 ஜனவரியில் நான் கையெழுத்திட்ட படிவத்தின் முழு நகலை 30 நாளுக்குள் எனக்கு அனுப்புங்கள். இரண்டு முறை கேட்டு எழுதிவிட்டேன், பதில் இல்லை. கடைசிப் பக்கத்தில் பென்சில் குறிக்கு மேல் இருக்கும் கையெழுத்து என்னுடையது. ஏழாவது கேள்வியில் இருக்கும் டிக் யாருடையது என்பதையும் அந்த நகலோடு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு முதலீட்டாளர்